சேவல் வழக்கை விசாரித்த மன்னர்

ராஜா காலத்துச் சந்தைக்கு வருடா வருடம் வேஷம் கட்டிக்கொண்டு போகிற எங்களைப் பார்த்து ஈப்போவில் பாதிப் பேர் சிரித்திருக்கிறார்கள். மீதிப் பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருமுறை தலையில் முண்டாசும் இடுப்பில் அட்டைக் கத்தியுமாக நாங்கள் ஐந்தாறு பேர் பஸ்ஸுக்கு நின்றபோது, கண்டக்டர் ஒருவர் தலையை நீட்டி, "தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு அந்தப் பக்கம்லா!" என்றார். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. நாங்களும் சிரித்தோம், வேறென்ன செய்வது?

இந்தப் பித்து யாருக்கும் பிறவியிலேயே இருப்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் நாள் இருக்கும், அந்த நாளில் அவர் வேறு எதற்கோ வந்திருப்பார். எங்களில் ஒருவர் ஆட்டுக்கறிக்கு வந்தவர். ஓர் அக்கா வேஷம் போட்டிருந்த தன் புருஷனைத் திட்டி இழுத்துக்கொண்டு போக வந்தவர். வாசலில் யாரோ "வருக, அரசியாரே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். வீட்டில் அவருக்கு "ஏய்" என்பதுதான் பேர். அடுத்த வருடம் ஜரிகைப் பாவாடையோடு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். சைக்கிளில் ஐஸ் விற்கும் சீனப் பெரியவர் வியாபாரத்துக்கு வந்து, தலைப்பாகையைக் கழற்ற மனமில்லாமல் அதோடு வீட்டுக்குப் போனார்.

நான் போனது டெலிபோன் வேலையிலிருந்து தப்பிக்க. டெலிபோன் ஆபீஸில் இல்லை, என் வீட்டில். அங்கே நான்தான் டெலிபோன்.

அப்பா கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். நாங்கள் சட்டி பானையோடு லாரி ஏறி ஈப்போவில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். அப்பா ஓர் இரும்புக் கடையில் ஜாகா வேலைக்குப் போனார், அதாவது காவல். அண்ணன் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். நான் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தேன். எங்களோடு லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது அப்பாவின் செவலைச் சேவல். அம்மாவும் நானும் பின்னால் மூட்டைகளோடு வந்தோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய தவுக்கே, பட்டறை முதலாளி, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்குக் கோழிக்கறி பிரமாதம். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எந்தக் கடைக் கோழி இது? ஊர்க் கோழி மாதிரியே இருக்கு" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா குழம்புச் சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தவுக்கே போன பிறகு அப்பா சேவலுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது சோறு கையிலேயே இருந்தது.

அண்ணன் அப்போதே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவரோ, "கோழிதானப்பா, வேற வாங்கித் தாரேன்" என்றார். அந்தக் "கோழிதானப்பா" எங்கள் வீட்டை இரண்டு வருடம் ஊமையாக்கியது. கறி வைத்த அம்மாவுக்கு ஒரு வாரத்தில் மன்னிப்புக் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் பேச்சு வார்த்தை நின்றுபோவது புதிதல்ல. ஆனால் ஒரே வீட்டில், ஒரே மேசையில் நின்றால் நடுவில் ஒருவர் மாட்டிக்கொள்வார். "உங்கண்ணன்கிட்ட சொல்லு, மோட்டாரத் தள்ளி வைக்கச் சொல்லி" என்பார் அப்பா. அண்ணன் எதிரில்தான் இருப்பார். இருந்தாலும் நான் சொன்னால்தான் அவர் காதில் விழும். "அப்பாகிட்ட சொல்லு, வச்சாச்சுன்னு" என்பார். கம்பெனியில் எட்டு மணி நேரம் மிஷினோடு கத்திவிட்டு வந்து, வீட்டில் இந்த இரண்டு எருமைகளுக்கும் நடுவில் நான் தொண்டை வற்ற வேண்டும். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அந்த நேரத்தில் அண்ணனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. போவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. இப்படியே போய்விட்டால் இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் பேசப்போவதில்லை என்று எனக்குப் பட்டது. நடுவில் நின்று பேச்சைக் கடத்திவிட நானும் ஜொகூரில் இருக்கமாட்டேன்.

சந்தை வந்தது அந்த வாரம்தான். எங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்காகப் போட்டது. யோசனை பழைய தோட்டத்துப் பெரிய கிராணியின், அதாவது தலைமைக் கணக்கரின், மகனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது அரசாங்க உத்தியோகம், ஏதோ பயிற்சிக்கு அமெரிக்கா போய் வந்தவர். அங்கே ஒரு திடலில் சனங்கள் ராஜா ராணி வேஷத்தில் நாள் பூராவும் திரிந்ததைப் பார்த்திருக்கிறார்.

"அங்கை வெள்ளைக்காரர் காசு குடுத்து வந்து கையாலை இறைச்சி சாப்பிடுகினம், தெரியுமோ?" என்றார் கூட்டத்தில்.

"அத நாங்க தினம் சும்மாவே செய்யுறோமேங்கய்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இருந்தாலும் யோசனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் ராஜாக்கள் வெள்ளைக்கார ராஜாக்களைவிட நகை அதிகம் போட்டவர்கள், வேஷம் எடுப்பாக இருக்கும் என்று முடிவானது.

நான் தனியாகப் போய்க் கிராணி மகனிடம் கதையைச் சொல்லி, அப்பாவை மன்னராகப் போடச் சொன்னேன். சிபாரிசே தேவைப்படவில்லை. திருவிழா நாடகங்களுக்கு உடுப்பு வாடகை கொடுப்பவரிடம் இருந்த ஒரே கிரீடம் எல்லோருக்கும் மூக்குவரை இறங்கியது, அப்பாவின் தலையில்தான் நின்றது. அண்ணனிடம் மேடைப் பலகை ஏற்ற லாரி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வந்தவரைப் பிடித்து வேல் கொடுத்து வாயில்காப்போன் ஆக்கிவிட்டோம். சபைக்கு யார் வந்தாலும் காவலன் மன்னரிடம் சொல்ல வேண்டும், மன்னர் காவலனுக்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படியும் பேசித்தானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

சந்தைக்கு ஒரே ஒரு சட்டம். வேஷம் போட்டவர்கள் ராஜா காலத்துத் தமிழில்தான் பேச வேண்டும். வாய் தவறினால் பையன்கள் தகரத்தைத் தட்டுவார்கள், நின்ற இடத்திலேயே தோப்புக்கரணம் போட வேண்டும். மத்தியானத்துக்குள் எங்கள் படைவீரர்களில் பாதிப் பேர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். கறிக் கடைக்காரர், "உண்ண வாரும் பெருமக்களே, சூடா இருக்குலா" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனார்.

சிம்மாசனம் பக்கத்து முடிவெட்டும் கடை நாற்காலி. தங்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், ஆனால் சுற்றுகிற பழக்கம் அதை விட்டுப் போகவில்லை. அப்பா முதலில் உட்காரவே மாட்டேன் என்றார். கிராணி மகன் மந்திரி வேஷத்தில் நின்றுகொண்டிருந்தார். "சின்னய்யா நிக்கையில நான் எப்படிங்க?" என்று அப்பா நெளிய, தகரம் அடித்துவிட்டார்கள். மன்னர் சபையைத் தோப்புக்கரணத்தோடுதான் தொடங்கினார். "இருங்கோ மன்னா, இருங்கோ" என்று கிராணி மகன் கும்பிட்டு உட்கார வைத்தார். அவருக்கும் ஒரு தகரம் விழுந்தது.

நான் தோழி, பின்னால் நின்று சாமரம் வீச வேண்டும். சாமரத்துக்கு எங்கே போவது? தூசி தட்டுகிற கோழி இறகுக் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள். செவலை இறகு. வீசும்போதெல்லாம் அப்பா அதை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கை கூசியது.

அண்ணன் வேலோடு உள்ளே வந்தார். மன்னர் யார் என்று அப்போதுதான் பார்த்தார். "அரசே, வழக்காடுவோர் வந்துள்ளனர்" என்றார் தரையைப் பார்த்து.

அப்பா நாற்காலியோடு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டார். முதுகைக் காட்டியபடி, "தோழி, வரவிடும்படி காவலனிடம் சொல்" என்றார்.

என் கணக்கு அந்த இடத்திலேயே மண்ணாய்ப் போனது. "காவலா, வரவிடுவாயாக" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. வீட்டில் டெலிபோனாக இருந்தவள் அரசவையிலும் டெலிபோனாகவே இருந்தேன்.

வழக்குகள் வந்தன. புருஷன் குறட்டை விடுகிறான் என்று ஒரு பெண். பக்கத்து வீட்டு ரேடியோ என்று ஒருவர். ஐஸ் பெரியவர் வெயில் போதவில்லை என்று வானத்தின் மேல் மலாயில் வழக்குப் போட்டார், அதற்குத் தகரம் அடிப்பதா என்று மந்திரிக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வேலை பிடித்துவிட்டது. தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க வரிசையாக நின்று, மேஸ்திரி தண்டலிடம் வசவு வாங்கியே பழகிய மனுஷன். இங்கே ஒரு கூட்டமே அவர் வாயைப் பார்த்து நின்றது. குரல் கனத்து, முதுகு நிமிர்ந்து, குறட்டைக்காரனைத் தனி அறைக்கு நாடு கடத்தினார். கைதட்டல் அடங்கவில்லை.

பிறகு வழக்குக்கு ஆள் இல்லை. வானம் கருத்து, தூறல் விழுகிற மாதிரி இருந்தது. முடித்துவிடலாமா என்று மந்திரி எழுந்தார். அப்போது அண்ணன் வேலைக் கீழே வைத்துவிட்டுச் சபை நடுவில் வந்து நின்றார்.

"மன்னா, என் மேல் ஒரு வழக்கு உண்டு."

அப்பா இந்த முறை முதுகைக் காட்டிச் சுற்றிக்கொள்ளவில்லை. எனக்குக் கை நின்றுபோனது.

"ஒரு பெரியவரின் சேவலை அவரைக் கேளாமல் அறுத்தேன்."

கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு இதுவும் குறட்டை வழக்கு மாதிரிதான்.

"காரணம்?" என்றார் மன்னர்.

"என் முதலாளி முதன்முறையாக என் இல்லம் வந்தார். அவர் முன் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சிறுமையாக இருந்தது, மன்னா."

அப்பா என் கையிலிருந்த செவலை இறகுகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அக்கறியைப் பெரியவரும் உண்டாரோ?" என்றார்.

"உண்டார், மன்னா. இருமுறை கேட்டு உண்டார்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாவின் மீசை மட்டும் துடித்தது.

"அவரிடம் பிழை பொறுக்கக் கேட்டாயா?"

"இல்லை."

"ஏன்?"

"அவர் என்னோடு பேசுவதில்லை, மன்னா."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நீ கேட்டாத்தானடா நான் பேசுவேன்! ரெண்டு வருசம்டா! ஒரு நாளு, ஒரு வார்த்த, வந்து கேட்டியாடா நீ?"

தகரம் முழங்கியது. "மன்னருக்குத் தோப்புக்கரணம்! மன்னருக்குத் தோப்புக்கரணம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "இது மட்டும் வேண்டாம், விடுங்கோ" என்று மந்திரி கையை ஆட்டினார். "சட்டம்னா எல்லாருக்கும்தான், சின்னய்யா" என்று அப்பா வெல்வெட்டு அங்கியோடு காதைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை குனிந்ததுமே கிரீடம் நழுவியது. அண்ணன் பாய்ந்து பிடித்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தப்புத்தான்ப்பா, மன்னிச்சிருங்கப்பா" என்றார். அவருக்கும் தகரம். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். நான் இறகுக் கட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். தோழி நன்றாக நடிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

சினிமாவாக இருந்தால் இதோடு முடித்திருப்பார்கள். மறுநாள் காலையில் மேசையில் அப்பா கோப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்கண்ணன்கிட்ட சொல்லு, பைப்பு ஒழுகுதுன்னு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவுடையது பழைய கோபம் இல்லை, கூச்சம் என்று இப்போது புரிகிறது. வேஷம் கலைந்த பிறகு எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போது அதெல்லாம் எனக்கு எட்டவில்லை. வாடகைக் கிரீடம் இன்னும் அலமாரி மேல் இருந்தது. எடுத்து வந்து, பனியனும் கைலியுமாக இருந்த அப்பாவின் தலையில் வைத்தேன். "இப்ப நீங்களே சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார், கோப்பியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "காவலா, குழாய் ஒழுகுகிறது."

"இதோ அடைக்கிறேன், மன்னா" என்று அண்ணன் எழுந்து ஓடினார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கிரீடம் போட்டுத்தான் பேச்சு. "அவ்வூரில் எங்கு தங்குவாய்?" "நண்பனின் அறையில், மன்னா." "உணவு?" "கடையில்தான்." "கடைக்கறியில் எண்ணெய் மிகுதி, வயிற்றைக் கெடுக்கும்." அம்மா தலையில் அடித்துக்கொண்டு சோறு போட்டார். உடுப்பு வாடகைக்காரர் கிரீடத்தைக் கேட்டு ஆள் அனுப்பியபோதெல்லாம், வேர்வை நாற்றம் போக வெயிலில் வைத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணன் கிளம்புகிற நாளில் பஸ் நிலையத்துக்கு அப்பா ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன என்று கேட்கத் தேவையில்லை, முனை துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை பேர் நடுவில் போட்டுக்கொள்ளப் போகிறாரா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அண்ணன் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்தார். டிரைவர் எஞ்சினைப் போட்டார். அப்பா சன்னலுக்குக் கீழே போய் நின்று, கையைப் பைக்குள் விட்டார்.

பிறகு கையை வெறுமனே எடுத்துவிட்டார்.

"டேய்."

"என்னப்பா?"

"போய்ச் சேந்ததும் நான் வேல பாக்கிற கடைக்குப் போன் போடு. தங்கச்சிகிட்ட சொல்லி விடாத. என்கிட்டயே பேசு."

"சரிப்பா" என்றார் அண்ணன். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் சன்னலில் அவர் கை வெளியிலேயே இருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அடுத்த வருசம் சந்தை எப்ப வைக்கிறாங்களாம்?"