பிடியரிசிக் கலயம்

நான் வாழ்நாளில் திருடியது ஒரே ஒரு பொருளைத்தான். அது பள்ளிவாசலுக்கென்று எடுத்து வைத்த அரிசி. அப்போது எனக்கு ஏழு வயது. திருடிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அதற்குப் பிறகு நினைக்காத நாள் குறைவு.

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ராவுத்தர் தெருவில் பாதிப் பேர் கடைக்காரர்கள், மீதிப் பேர் ஊர் சுற்றும் வியாபாரிகள். அத்தா, அதாவது என் அப்பா, இரண்டாவது ரகம். உப்பும் கருவாடும் புகையிலையும் மூட்டை கட்டிக்கொண்டு அகளிச் சந்தைக்குப் போவார். மண்ணார்க்காடு வரை வண்டி, அதற்கு மேல் சுரம் என்கிற மலைப்பாதையில் ஏற வேண்டும். திரும்பும்போது துவரையும் கடுக்காயும், எனக்கென்று ஒரு சின்னப் புட்டியில் தேனும் வரும். அந்த வருஷம் ஆனி மாதம் அத்தாவே மூட்டையாக வந்தார். யாரோ புண்ணியவான் கம்பளியில் சுற்றி, தன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மலைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் அசர் தொழுகை நேரத்துக்குச் சொல்லி வைத்தாற்போல் குளிர் வரும். கட்டில் கால் நடுங்கும். மறுநாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னிடம் கதை கேட்பார். அதற்கு மறுநாள் மறுபடியும் குளிர்.

வியாபாரி படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். ஆடி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மலையாளிகள் அந்த மாதத்தைப் பஞ்சக் கர்க்கடகம் என்பார்கள். அந்த வருஷம் எங்களுக்கும் அதுவேதான். அம்மா தெருக்கோடியிலிருந்த பெரிய வீட்டு நெல்லை வாங்கி வந்து எங்கள் வீட்டு உரலில் குத்திக் கொடுத்தாள். கூலியாக அரிசி கிடைத்தது. முழு அரிசி கொஞ்சம், நொய் நிறைய. அதில் மூன்று பேர் சாப்பிட வேண்டும்.

எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம், அந்த அடுப்படியில் அம்மாவுக்கு இருந்த நிதானம். விருந்துக்கு ஆள் வரப்போகிறது என்பதுபோல் வேலை செய்வாள். முறத்தைத் தட்டி அரிசியைப் பரப்பி, கல் பொறுக்கி, உழக்கில் அளக்கும் முன் ஒரு பிஸ்மில்லா. ஈர விறகு மூன்று தடவை அணைந்து நாலாம் தடவை பற்றிக்கொண்டால் ஒரு அல்ஹம்துலில்லா. கஞ்சி கொதிக்கும்வரை வாய்க்குள்ளேயே ஏதோ பைத்துப் பாட்டு முனகிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு மிளகாயைச் சுட்டு, அதை மூன்றாகக் கிள்ளி, மூன்று தட்டின் ஓரத்திலும் ஒழுங்காக வைப்பாள். கழுவிய பாத்திரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய்க் கவிழ்த்துவிட்டு, எட்டி நின்று ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். வைக்க ஒன்றும் இல்லாத பாத்திரத்துக்கு என்ன இத்தனை அலங்காரம்?

அதைவிட எரிச்சல், அடுப்பு மூலையிலிருந்த கலயம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அது உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். வியாழக்கிழமைதோறும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். வழிப்போக்கர்களுக்கும் கதியற்றவர்களுக்கும் போகிற அரிசி அது. எங்களைவிடக் கதியற்றவர்கள் யார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நமக்கே இல்லையேம்மா. அதையும் ஒலையில போட்டா என்ன?”

அம்மா கோபிக்கவில்லை. பிடித்த பிடியைக் கலயத்தில் விட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“ஒரு புடி எடுத்து வெக்கிற வரைக்கும் இது இல்லாத ஊடு இல்ல புள்ள. அதையும் நிறுத்திட்டா அப்பறம் நெசமாவே நாம இல்லாதவங்கதான்.”

ஏழு வயது வயிற்றுக்கு இந்தப் பேச்செல்லாம் எட்டாது. ஒரு மத்தியானம் அம்மா குத்திய அரிசியைக் கொடுக்கப் போயிருந்தாள். அத்தா தூங்கிக்கொண்டிருந்தார். நான் கலயத்தில் கைவிட்டு ஒரு பிடி அரிசியை அள்ளிப் பாவாடையில் போட்டுக்கொண்டு, கொல்லைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பச்சையாகவே மென்றேன். மெல்ல மெல்லப் பால் சுரப்பதுபோல் ஒரு இனிப்பு. அதற்கிணையான பண்டம் எதையும் நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

பயம் இல்லாமல் இல்லை. குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த லெப்பை, ஒவ்வொருவர் தோளிலும் வானவர்களான இரண்டு மலக்குகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வலது தோளில் இருப்பவர் நல்லதை எழுதுவார், இடது தோளில் இருப்பவர் கெட்டதை எழுதுவார். அதனால் தின்னும்போது இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். இப்படியே நாலைந்து நாள் போயிற்று. கலயத்தில் பள்ளம் விழுந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை அசருக்குப் பிறகு மோதினார் வந்தார். அம்மா கலயத்தைத் தூக்கி வந்து கதவோரம் வைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். கலயம் கழுத்து மட்டம் நிறைந்திருந்தது. மோதினார் அதைச் சாக்கில் கவிழ்த்து, அடியைத் தட்டி, வழக்கமான துஆவைச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மூளை உடனே வேலை செய்தது. இடது தோள்காரர் எழுதியது எழுதியதுதான். ஆனால் வலது தோள்காரருக்கு என்மேல் இரக்கம் வந்து, நான் எடுக்க எடுக்கக் கலயத்தை நிரப்பியிருக்கிறார். வேறு எப்படி நிறையும்? இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? அடுத்த வாரம் இரண்டு பிடியாக எடுத்தேன். அந்த வியாழனும் கலயம் நிறைந்திருந்தது. என் ஈமான் உறுதியானது அப்போதுதான். லெப்பை பிரம்பால் ஏற்ற முடியாத நம்பிக்கையைக் கலயம் ஏற்றிவிட்டது. அம்மா பிஸ்மில்லா சொன்னால் நானும் கூடவே சொன்னேன். பாத்திரங்களைக் கவிழ்க்க உதவினேன். எங்கள் அடுப்படிக்கு மலக்குகள் வந்துபோகிறார்கள் என்று தெரிந்த பிறகு அதைச் சுத்தமாக வைக்க வேண்டாமா? அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதி என் முகத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு வாரம்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

அம்மாவின் கண்ணாடி வளையல்கள் அந்தச் சமயத்தில் முழங்கைவரை ஏறி இறங்கத் தொடங்கியிருந்தன. உரல் குத்தும்போது அவை மேலே ஓடிக் கீழே ஓடி நல்ல சத்தம் எழுப்பும். எனக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இவ்வளவு பெரிய அதிசயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? அத்தா குளிர் வராத ஒரு நாளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கதை சொல்லச் சொன்னார். நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் காதோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

“நெசமாவா கண்ணு? தெனமும் எடுத்தியா?”

“தெனமுந்தான் அத்தா. பச்சையாவே தின்னுட்டேன். ஆனாலும் கொறயவே இல்ல.”

அத்தா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ராத்திரிக்கு உங்கம்மா என்னத்தக் குடிக்கறா?”

“அம்மா அப்பறமா குடிப்பாங்க. நான் தூங்குன பொறவு.”

அத்தா மெதுவாகப் படுத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. குளிர் இன்றைக்கே வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். அன்று குளிர் வருகிற நாள் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அம்மா தன் பங்கு அரிசியை உலையில் போடாமல் கலயத்தில் போட்டுவிட்டு, வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள் என்பதை அத்தா ஒரு நொடியில் புரிந்துகொண்டுவிட்டார். எனக்கு அது புரியப் பத்து வருஷம் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை அத்தா எழுந்து சட்டை போட்டார். தெருவில் யாரிடமோ சொல்லி ஒரு மூட்டைக் கருவாடும் வண்டியும் ஏற்பாடு செய்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“ஏனுங்க, இன்னும் காலே நெலத்துல நிக்கலயே உங்களுக்கு. பத்து நாள் போகட்டுமுங்க.”

அத்தா அவள் கையைப் பிடித்தார். வளையல்கள் முழங்கைவரை ஓடி நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார். அவை மறுபடியும் மேலே போயின.

“மலக்குகளுக்கு எத்தன நாளைக்கி இந்த வேலைய வெக்கறது? ஒரு சந்த போயிட்டு வந்தர்றேன்” என்றார்.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் ரகசியம் என்று அத்தாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தேன் வாங்கி வரச் சொன்னேன்.

வண்டி போனதும் அம்மா முறத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, அத்தாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். நான் சொன்னேன். திருடியதையும் சொன்னேன், நிறைந்ததையும் சொன்னேன். அடி விழுமோ என்று லேசான சந்தேகம் இருந்தது. அம்மா அடிக்கவில்லை. முறத்தின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பல்லி கத்தியது, மழை வலுத்தது, அவள் அசையவில்லை. அப்புறம் உலை வைக்கும் நேரமாகிவிட்டதால் எழுந்தாள்.

“பசிச்சா எங்கிட்ட வந்து கேளு புள்ள” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலையில் மோதினார் எங்கள் தெருவில் வருவதைப் பார்த்தேன். அன்று வியாழக்கிழமை இல்லை. கிழமை தவறி வந்துவிட்டார் என்று நினைத்து, அம்மாவைக் கூப்பிடாமல் நானே கலயத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அது பாதிகூட நிறையவில்லை. இருந்தாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சாக்கும் கொண்டுவரவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு, “அம்மாவக் கூப்புடு தாயி” என்றார்.

அத்தா அகளியிலேயே இறந்துபோனார். சந்தை நாளன்று குளிர் வந்ததாம். சுரத்தில் மண் சரிந்திருந்ததால் இங்கே கொண்டுவர வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அத்தாவின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. எனக்கு மறக்கவே மறக்காதது, அம்மா வளையல்களைக் கழற்றிய விதம். மற்றப் பெண்களுக்கு உடைத்துத்தான் எடுப்பார்கள். அம்மா கையைத் தொங்கவிட்டாள், எல்லாம் தானாகவே கழன்று மடியில் விழுந்தன.

நாலு மாதமும் பத்து நாளும் அம்மா இத்தா இருந்தாள். வெள்ளைத் துணி, வெளியே போகக் கூடாது. நெல் குத்தவும் அவளுக்குத் தெம்பில்லை. முதல் சில நாள் அக்கம்பக்கத்திலிருந்து சோறு வந்தது. அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை மோதினார் சாக்கோடு வந்தார். நான் வெறும் கலயத்தைக் காட்டக் கூச்சப்பட்டு நின்றேன். அவர் சாக்கைக் கவிழ்த்து எங்கள் வீட்டுப் பானையில் அரிசியைக் கொட்டிவிட்டுப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை, பெரிய வீட்டுச் சன்ன அரிசி, ரேஷன் கடை மக்கிய வாடை அரிசி, எல்லாம் கலந்து கிடந்தன. தெரு முழுக்க எடுத்து வைத்த பிடிகள். அந்த அரிசி ஒருபோலவும் வேகாது. பாதி குழையும், பாதி விதையாக நிற்கும். மாதக்கணக்கில் அதைத்தான் சாப்பிட்டோம்.

அன்று அம்மா அடுப்படிக்கு வந்தாள். அத்தா போன பிறகு அவள் உலை வைத்தது அதுதான் முதல் தடவை. முறத்தைத் தட்டிக் கல் பொறுக்கினாள். உழக்கில் அளந்தாள். வழக்கம்போல் ஒரு பிடி எடுத்தவள், கலயத்தின்மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். நமக்கென்று பிச்சையாக வந்த அரிசியில்கூடவா என்று எனக்குப் பதறியது. அம்மா பிடியைத் திரும்ப உழக்கிலேயே விட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

“நீ போடு புள்ள. இனி எப்பவும் நீதான் போடோணும்.”

நான் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். அம்மா தன் கையை என் கைமேல் வைத்து மூடிக்கொண்டு பிஸ்மில்லா சொன்னாள். இருவர் கையும் சேர்ந்து கலயத்தில் இறங்கின. விரித்ததும் அரிசி விழுந்தது. அவள் கையை உடனே எடுக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் போகும்வரை அந்த வேலை என்னுடையதாகவே இருந்தது. அத்தாவிடம் நான் சொன்னதைப் பற்றி அம்மா கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவள் பாட்டுக்கு உலை வைத்தாள், பைத்து முனகினாள், பாத்திரங்களை வரிசையாகக் கவிழ்த்தாள். என் கை சின்னது, பிடியும் சின்னதாக இருக்கும், அரிசி மிச்சமாகும், அம்மாவுக்கு ஒருவழியாகச் சிக்கனம் வந்துவிட்டது என்றுதான் அன்று நான் திருப்திப்பட்டேன். அரிசி திருடிய அந்தக் கையை அவள் தினமும் ஒரு தடவை மன்னித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.