சீட்டை அமுக்கிப் பார்க்காதீர்கள்

"சைக்கிள்ல வேலைக்குப் போறவனை சாயங்காலம் பாக்கணும்டா, காலையில பாக்கக் கூடாது..." என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார். அதற்கு மேல் இன்னொரு பாதி உண்டு. அது இடுப்பைப் பற்றியா, பெரியம்மாவைப் பற்றியா என்று இப்போது நினைவில்லை. கிடைத்த பாதியை வைத்துக்கொண்டு நான் சைக்கிள் கடை ஆரம்பித்தேன்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு பொது எதிரி உண்டு: வாங்க வருபவரின் கட்டைவிரல். கடைக்குள் நுழைந்ததும் அது நேராக சீட்டுக்குப் போகும். அமுக்கும். உள்ளே இறங்கினால் நல்ல வண்டி, இறங்காவிட்டால் மட்ட வண்டி. மெத்தைக் கடையிலும் பழக்கடையிலும் நிற்கும் என் சக பாவிகளே, இந்த விரலை உங்களுக்கும் தெரியும்.

ஷார்ஜாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடமொன்றில் பல வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ராயபுரத்துக்குத் திரும்பினேன். மனைவியின் தம்பி குமாரோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை. வலப்பக்கம் குமாருடையது: பருத்த டயர், முன்னால் ஸ்பிரிங், தடித்த சீட்டு, பளபளா ஸ்டிக்கர். இடப்பக்கம் என்னுடையது: தினமும் தூரம் போகிறவர்களுக்கான ரோடு பைக். பேட்டையில் அதற்குப் பெயர் ரேஸ் சைக்கிள். பொங்கல் வரை பார்ப்பது, யார் பக்கம் அதிகம் விற்கிறதோ முழுக்கடையும் அவருக்கு, மற்றவர் சரக்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும் என்று பேச்சு. ஒத்துக்கொண்டபோது எனக்கு ஒரு துளி பயம் இல்லை. தவறு செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

பலகை

கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு வெல்டிங் வேலைக்குப் போகிற ஏழுமலைதான் முதலில் வந்தவர். ஷேர் ஆட்டோவில் ஒரு தொடையை வெளியே தொங்கப்போட்டுப் போய்ப் போய் அலுத்துவிட்டதாம். என் பக்கம் இருந்த சீட்டுகளை ஒன்று விடாமல் அமுக்கினார். எதுவும் இறங்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

நான் விளக்கினேன். ஸ்பாஞ்ச் சீட்டின் சுகமெல்லாம் தெருமுனை வரைதான். அப்புறம் உடம்பு அதற்குள் புதைந்து, தொடை உரசி, டோல்கேட் தாண்டுவதற்குள் மரத்துப்போகும். உட்காரும்போது அடியில் தட்டுப்படுகிற இரண்டு எலும்பும் கெட்டியான இடத்தில் பதிந்தால்தான் எண்ணூர் வரை போய்த் திரும்ப முடியும். விரலுக்குச் சுகமாக இருப்பது வேறு, எலும்புக்குச் சுகமாக இருப்பது வேறு. ஏழுமலை பொறுமையாகக் கேட்டார். பிறகு வலப்பக்கம் போய், குமாரிடம் இருந்ததிலேயே பெரிய சீட்டை அமுக்கி, விரல் மறைந்ததும் சிரித்தார். போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "கோச்சுக்காத சார். பலகை மேல உக்கார்றதுக்கு எங்க வூட்டுலயே பலகை கீது."

முட்டி தரிசனம்

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிற தம்பி ஒருவர், எர்ணாவூர்க்காரர், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஹேண்டில் பாதாளத்தில், சீட்டு ஆகாயத்தில், நடுவில் ஒரு வெள்ளைக்காரன் வில்லாக வளைந்திருந்தான். "இதே மாதிரி செட் பண்ணுங்க" என்றார். ஹேண்டிலைச் சீட்டு உயரத்துக்காவது ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். நம் ரோட்டில் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கன்டெய்னர் லாரி நம்மைப் பார்க்காது, நாம்தான் அதைப் பார்க்க வேண்டும். "ஸ்டைலே போயிடும் சார்" என்றார். சரி, அவர் கழுத்து, அவர் இஷ்டம்.

அடுத்த வாரம் கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு சேர்த்துத் திரும்பிக் கடைக்குள் வந்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்து ஹேண்டிலை ஏற்றினேன். அவரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் நின்றிருந்தார். முடியவில்லை. "ஒரு வாரமா ரோட்டையே பாக்கல சார். என் முட்டியைத்தான் பாத்துகினு போயிகினு கீறேன்."

புத்திமதிக்கு மார்ஜின்

மொத்த வியாபாரியின் ஆள் மாதம் ஒருமுறை வருவார். இன் பண்ணிய சட்டை, காதில் மாட்டிய போன். வாசலில் என் வண்டிகள் நிற்பதே அவருக்கு வருத்தம். பருத்த டயரை முன்னால் வைத்தால் கடைக்குப் பெயர் போர்டு இலவசம், லைட்டு இலவசம் என்றார். "இதில் தினமும் எண்ணூர் போய் வருகிறவன் தொடை என்ன ஆகும்? மிதிக்கிற பாதி பலத்தை அந்த ஸ்பிரிங்கே குடித்துவிடுமே" என்று கேட்டேன். அது கஸ்டமரின் தொடை என்றார்.

அன்று எனக்குக் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. இலவச போர்டை வைத்து உங்கள் வீட்டு மொட்டை மாடியில் காக்கா விரட்டுங்கள் என்றேன். குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். வந்தவர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க சைக்கிள் விக்கல, புத்திமதி விக்கிறீங்க. அதுல மார்ஜின் கிடையாது."

ஒருநாள் ஓட்டம்

அதன் பிறகுதான் வீம்புக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். என் பக்கத்து வண்டியை யாரும் உடனே வாங்க முடியாது. உங்கள் பழைய சைக்கிளையோ பைக்கையோ கடையில் விட்டுவிட்டு, ஒருநாள் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய், அதே ரோட்டில், அதே கூட்டத்தில், அதே சாப்பாட்டுப் பையோடு திரும்பி வர வேண்டும். எங்கே வலிக்கிறது என்று சாயங்காலம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் விலை பேச்சு. குமார் கேட்டான், "மாமா, இது சைக்கிள் கடையா, லைப்ரரியா?"

பார்க்கட்டும்

தண்டையார்பேட்டை நிஷா அண்ணன் ரபீக்கோடு வந்தாள். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கம்பெனி பஸ் இவர்கள் பக்கம் வருவது நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோவை நம்பி ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போனதில் சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் ரபீக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தொட்டு, "இது போதும்ண்ணே" என்றார். அவளை ஏறி உட்காரச் சொன்னேன். திரும்பும்போது முட்டி ஹேண்டிலில் இடித்தது. அவள் என் பக்கம் நின்ற வளைந்த ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன ஃபிரேமாகப் பார்த்து, கை எட்டும்படி ஹேண்டிலை அருகே இழுத்து, ஒருநாள் ஓட்டத்துக்குக் கொடுத்தேன். ரபீக்கின் பைக் கடையில் பணயக்கைதியாக நின்றது.

மறுநாள் சாயங்காலம் முகமெல்லாம் கரித்தூசியோடு வந்து இறங்கினாள். சீட்டு ஒன்றும் செய்யவில்லையாம். உள்ளங்கை மரத்துவிட்டது, லாரிகள் ஓரத்தில் ஒதுக்கிய மணலில் டயர் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. இதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன். ஹேண்டிலில் இன்னொரு சுற்று டேப் சுற்றினோம். அந்த ஃபிரேமுக்குள் நுழைகிற அளவில் அகலமான டயரைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து, மட்கார்டும் மாட்டினோம். வேலை முடியும் வரை ரபீக் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில், "வேணாம் நிஷா, ரோட்ல போறவன்லாம் உன்னையே பாக்குறான்" என்றார். அவள் பெல்லை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். "பாக்கட்டும்ண்ணே. பாத்தாத்தானே லாரிக்காரன் பிரேக் புடிப்பான்."

ரிப்பேர் வராத வண்டி

மார்கழியில் என் வண்டிகள் ஒவ்வொன்றாக சர்வீசுக்கு வர ஆரம்பித்தன. பிரேக் கட்டை தேய்ந்து, செயின் கறுத்து, உப்புக்காற்றில் நட்டு துருப்பிடித்து. நிஷாவின் பின்டயர் வழுவழுவென்று ஆகியிருந்தது. குமாருக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தியா மாமா? என் வண்டி ஒண்ணாவது கம்ப்ளெயின்ட்னு வந்துச்சா?" என்று நாளுக்கொரு தடவை கேட்டான். ஒருவேளை இவன் சரக்குதான் நல்ல சரக்கோ என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். ஒப்புக்கொள்கிறேன், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் ஏழுமலை கடை வழியாகப் போனார். நடந்துதான் போனார், ஷேர் ஆட்டோ பிடிக்க. குமார் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். "அண்ணா, நீயே சொல்லு, நம்ம வண்டி ஏதாவது ரிப்பேர் குடுத்துச்சா?" ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறதாம். அவர் மனைவி அதன் மேல் ஈரத்துண்டு காயப்போடுகிறாராம். "ஓட்டினாத்தானே நைனா ரிப்பேரு ஆவும்!"

சுவர்

பொங்கலுக்கு முந்தின நாள் கடையைச் சுற்றிப் பார்த்தோம். எண்ணத் தேவையே இருக்கவில்லை. குமார் பக்கம் சரக்கு போய்ச் சுவர் தெரிந்தது. என் பக்கம் சுவரே தெரியவில்லை. என் பக்கத்திலிருந்து போன வண்டிகள் எல்லாம் தினமும் ஓடுகின்றன என்று சொல்லிப் பார்த்தேன். உண்மைதான் என்றான். அவன் பொய் பேசுகிறவன் இல்லை. வியாபாரம் மட்டும்தான் பேசுவான். ஷட்டரை இழுத்துவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். "நீ சொல்றது எல்லாம் கரெக்டு மாமா. ஆனா பேச்சு யார் ஓட்டுறாங்கன்றது இல்ல, யார் விக்கிறாங்கன்றது. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன், நீ மூஞ்ச தூக்காதே."

பேச்சுப்படி தோற்றவன் நான்தான். பொங்கல் கழிந்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், குமார் கடைக்கு நேர் எதிரே, காலியாகக் கிடந்த பழைய ஜெராக்ஸ் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, என் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனேன்.