அண்ணன் உட்காரும் இடம்

ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். மழை வருமா வராதா என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான், பெரும்பாலும் பலிக்கும். கடவுள் விஷயத்தில்தான் அவன் வாய் சும்மா இருக்காது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அண்ணன் சாயங்காலம் குரலெடுத்துப் பிரார்த்தனை செய்தால், "ஆண்டவனுக்குக் காது மந்தமா?" என்று இங்கிருந்தே கேட்பான். அண்ணன் சிரித்துவிட்டுத் தொடருவார்.

அந்த வருஷம் இரண்டு வீட்டு மக்காச்சோளமும் ஒரே களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வழிபாட்டு நாளன்று வெளுத்த சட்டையோடு கிளம்பிய அண்ணன் களத்தருகே நின்றார்.

"மேகம் எப்படிடா? மூடிட்டுப் போகட்டுமா?"

மேற்கே கறுப்பதை அவன் அப்போதே பார்த்திருந்தான். "என்னை ஏன் கேக்கறே? உன் ஆண்டவனைக் கேளு."

"சரி, அவன் பாத்துக்குவான்," என்று அண்ணியோடு நடந்தார் அண்ணன்.

காற்று எழுந்ததும் தன் சோளத்தை மட்டும் மூடினான். அண்ணனின் தார்ப்பாய் பக்கத்திலேயே மடித்துக் கிடந்தது. நேரமும் இருந்தது. யார் வந்து மூடுகிறார்கள், பார்த்துவிடலாம் என்று கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டான். மழை கொட்டித் தீர்த்தது.

நனைந்த சோளம் பூஞ்சை பிடித்து, மாட்டுக்குக்கூட ஆகாமல் எருக்குழிக்குப் போனது. அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உன்னோடதாவது தப்பிச்சுதே," என்றார்.

அடுத்த வழிபாட்டு நாளில் அவர் கிளம்பவில்லை; அண்ணி மட்டும் போனாள். சாயங்காலக் குரலும் நின்றுபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் சோளத்தில் பாதியைச் சுமந்துபோய் அண்ணன் வீட்டில் இறக்கினான்.

"அண்ணே, மழை வரும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் மூடல."

"தெரியும்டா. தார்ப்பாய் மடிப்புகூடக் கலையலயே. உன்மேல கோவம் இல்ல. நீ சொன்ன மாதிரி அவன்கிட்ட கேட்டேன். குழியில கொட்டுறப்பவும் கேட்டேன். ஒண்ணும் வரல. அதான் விட்டுட்டேன்."

"அது நான் வாய்க்கொழுப்புல சொன்னதுண்ணே."

"இருக்கட்டும். கேள்வி சரிதானே."

இத்தனை வருஷம் அவன் ஆசைப்பட்டது இதைத்தான். கிடைத்தபோது திருட்டுச் சாமான் போலக் கனத்தது.

அடுத்த வாரம் அவனே வழிபாட்டுக் கூடத்துக்குப் போய், அண்ணன் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தான். "ரேடியோ ஸ்டேஷன் மாத்திடுச்சு," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். திரும்பும் வழியில் அண்ணி கேட்டாள்: "தம்பிக்குத்தான் நம்பிக்கையே கிடையாதே, எதுக்கு வர்றீங்க?"

"வேற யாராச்சும் உக்காந்துட்டா, அண்ணன் வந்தா இடம் இருக்காது அண்ணி."



அடுத்த அறுவடையும் முடிந்துவிட்டது. அண்ணன் இன்னும் வரவில்லை. வாரம் தவறாமல் அவன் போகிறான். பிரார்த்தனை எதுவும் தெரியாது. 'என்னை விடு, அவரைக் கூப்பிடு' என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து வருவான்.