கண்டன்சருக்கு அடித்த வெள்ளிப் பெயின்ட்

துலுக்கானம் நசரத்பேட்டைக்காரன். அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று பறித்தவர். இவன் லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனி வைத்திருந்த சண்முகசுந்தரம் முதலாளியின் அம்பாசடருக்கு டிரைவர் ஆனான். ஏசி வைத்த வண்டி. ஓட்டும் நேரம் தவிர அதில் அவன் உட்காரவே மாட்டான். முதலாளி இறங்கி உள்ளே போனதும் கதவைப் பூட்டிவிட்டு, எங்காவது மரத்தடியில் துண்டை விரித்துக் கிடப்பான். "நம்ம வேர்வ சீட்ல ஏறிட்டா முதலாளியம்மாவுக்கு நாறும் அண்ணாத்தே" என்பான். என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் சொன்னது வேறு.

என் பெயர் தங்கவேல். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஷெட். படிப்பு ஆறாவதோடு சரி. ஃபிரிஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், கார்களில் ஏசி வர ஆரம்பித்ததும் அதற்கு மாறினேன். ஃபிரிஜ்ஜில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஜில்லிப்பு குறைந்தால் கேஸ் குறைந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை. பூஜைக்கு முன்னால் ஷெட்டில் இருக்கிற இரும்பு எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிடுவது எங்கள் பழக்கம். வைஸ், ஜாக்கி, பெஞ்ச் கால் எதுவும் தப்பாது. அன்றைக்குப் பார்த்துத் துலுக்கானம் வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தான். பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டன்சர் கறுத்துப்போய்க் கிடந்தது. வண்டிக்குள்ளிருந்து ஏசி உறிஞ்சுகிற சூட்டை வெளியே விடுவது அதுதான். மெல்லிய தகடுகளைச் சீப்பு மாதிரி நெருக்கி வைத்திருப்பார்கள். நடுவில் காற்று புகுந்து போக வேண்டும். மிச்சமிருந்த வெள்ளிப் பெயின்டை எடுத்து என் கையாலேயே இரண்டு கோட் அடித்தேன்.

"கண்ணாலப் பொண்ணு மாதிரி கீதுபா!" என்று துலுக்கானம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"பூஜைக்கு வந்த வண்டிய மொட்டையா அனுப்புவனா?" என்றேன்.

அப்புறம் மழை, பனி. ஏசி போட வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறியதும் வந்தான். "காத்து வருது, ஜில்லு வரல. ரோட்ல போனா கொஞ்சம் தேவல. சிக்னல்ல நின்னா அனலு. முதலாளி கத்துறாரு."

கேஸ் ஏற்றி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தான், முன்னைவிட மோசம். இன்னும் ஏற்றினேன். கேஸின் அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் எகிறி நின்றது. கேஸ் அதிகம் என்று அது சொன்னது. கேஜ்தான் கெட்டுப்போச்சு என்று நான் சொன்னேன்.

"ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே" என்றான் துலுக்கானம். "காலைல முன்னால தண்ணி அடிச்சிக் கழுவிட்டு ஏசி போட்டா நல்லா ஜில்லுனு வருது. தண்ணி காஞ்சிட்டா போச்சு."

"தண்ணி ஊத்துனா எருமைக்குக்கூடத்தான் ஜில்லுனு இருக்கும். நீ ஸ்டேரிங்கப் புடி நைனா, ஏசிய நான் பாத்துக்கறேன்."

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மூன்றாம் முறை முதலாளியே வந்துவிட்டார். துலுக்கானம் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"ரெண்டு தடவ கேஸ் போட்டும் கூலிங் இல்லன்னா என்னய்யா அர்த்தம்? உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். வாயில் வரவில்லை. "வண்டிய நிறுத்தி வெச்சிகினு மணிக்கணக்கா ஏசிய ஓடவுட்டா எந்தக் கம்ப்ரஸர் சார் தாங்கும்?" என்றேன்.

நான் பெயர் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. முதலாளி திரும்பிப் பார்த்தார். "ஓகோ, நான் மீட்டிங்ல இருக்கும்போது ஐயா ஏசியில தூங்குறாரா?"

"ஐயோ, இல்ல சார்! அண்ணாத்தே, நீ சொல்லேன், நீ பாத்துகீறியே!" என்றான் துலுக்கானம் என்னிடம்.

நான் குனிந்து ஸ்பானரைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள்.

கேஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸரைப் புதிதாக மாட்டினேன். ஜில்லு வரவில்லை. கழற்றிய பழையதைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் அவன் சொன்ன தண்ணீர் நினைவுக்கு வந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை முன்பக்கம் ஊற்றினேன். கேஜ் முள் மளமளவென்று இறங்கியது. உள்ளே ஜில்லென்று காற்று வந்தது. குனிந்து பார்த்தேன். தகடுகளின் நடுவே புகுந்து பின்பக்கம் ஒழுக வேண்டிய தண்ணீர், தகரத்தில் ஊற்றியது போல முன்பக்கத்தோடு வழிந்து கீழே போனது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளிப் பெயின்ட். இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக் காய்ந்து கிடந்தது.

வேறு கண்டன்சர் வாங்கிச் சத்தமில்லாமல் மாட்டினேன். பழையதை ஷெட்டுக்குப் பின்னால் முள் புதரில் எறிந்தேன்.

வண்டி எடுக்க வந்த முதலாளி உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பாத்தியா தங்கவேலு, அவன் போனான், ஏசி வந்துச்சு" என்றார்.

நான் தலையாட்டினேன். அன்றைக்கு வாயால் சொன்ன பொய்யைவிட இந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

நாலு மாதம் கழித்து, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தண்ணி லாரியிலிருந்து துலுக்கானம் இறங்குவதைப் பார்த்தேன். இளைத்திருந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் பார்த்தேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். நின்ற இடத்திலேயே பெயின்ட் கதை முழுவதும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

"எங்கைல சொல்லி இன்னா பிரோஜனம்? நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். "மொதல்ல முதலாளி கைல சொல்லு. அப்பால ஊட்டுக்குப் போயி முனியம்மா கைல சொல்லு. கட்டுன பொண்டாட்டியே நம்ப மாட்றா. தூங்கித் தூங்கி வேலையத் தொலச்சவன்னு தெனம் சோத்தோட சேத்துப் போடறா."

மறுநாள் அம்பத்தூர் போய் முதலாளியிடம் சொன்னேன். "இப்ப வேற டிரைவர் இருக்கான். அவனை என்னன்னு சொல்லி அனுப்புறது?" என்றார். பிறகு, "இனிமே என் வண்டி உன் ஷெட்டுக்கு வராது" என்றார். சரிதான்.

அங்கிருந்து நேரே நசரத்பேட்டை போனேன். முனியம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"முதலாளி கைல சொன்னியா?"

"சொல்ட்டேம்மா."

"வேல குடுக்கறாரா?"

"இல்ல."

துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்தாளு எங்கைல தலைல அடிச்சிகினு சொன்னாரு, நான் தூங்கலடின்னு. நான் நம்பல. ஷெட்டுக்காரன் சொன்னானாமேன்னு உன்னத்தான் நம்புனேன். இப்பவும் நீ வந்து சொன்னாதான் எம் புருசன நம்புறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போ, நீ போயிடு. அவரு வர நேரம். அவரு மூஞ்சில நான் எப்டி முழிக்கறதுன்னு பாக்கணும்."