நான்காம் பிரிவில் ஒரு பணயம்

"என் கண் பார்த்த தாளை இன்னொரு கண் பார்க்க வேண்டியதில்லை" என்று சட்டத்துறையின் மெய்ப்புத் திருத்துநர் ஒருமுறை சொன்னார். ஒருமுறை என்பது மரியாதைக்கு. உண்மையில் முப்பத்தொரு வருஷமாக, மேஜைக்குத் தேநீர் வரும்போதெல்லாம் சொன்னார்.

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் வருத்தமும் கிடையாது. கழிவறைக் கதவில் யாரோ அதை 'பூத கண்ணாடி' என்று கிறுக்கியபோதுதான் கொதித்துப் போனார். சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். தன் கல்யாணப் பத்திரிகையில் ஏழு பிழைகளை வட்டமிட்டு மாமனாருக்கே திருப்பி அனுப்பியவர். அப்படியும் பெண் கொடுத்தார்கள்.

அரசிதழில் பிழைதிருத்தம் வெளியானால், பிழையைத் தவறவிட்டவர் பெயரும் அதன் கீழே வர வேண்டும் என்ற விதியே இவர் மூளையில் உதித்து அமலுக்கு வந்ததுதான். எட்டு வருஷத்தில் சக ஊழியர்கள் அத்தனை பேரும் அந்தப் பெருமையை அடைந்துவிட்டார்கள். இவர் மட்டும் பாக்கி.

இவர் மனைவிக்கு வேறு கவலை. குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தில் லாரிக்காரர்கள் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷம் விடாமல் மனு எழுதினாள். கடைசியில் சட்டம் வந்தேவிட்டது: செல்போன் செயலியில் கூப்பிடும் கார் எங்கே போய் வந்தாலும், தடவைக்கு ஒரு ரூபாயைக் கம்பெனி சதுப்பு நிலப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். நிதியின் முதல் வேலை, வேலி. திங்கட்கிழமை முதல் அமல்.

வரைவில் 'சவாரி' என்றுதான் இருந்தது. "சவாரி குதிரைக்கு, சட்டத்துக்குப் பயணம்" என்று பூதக்கண்ணாடி இருபத்திரண்டு இடத்தில் சிவப்பு மையால் மாற்றினார்.

வியாழக்கிழமை மாலை மனைவியின் தம்பி தன் காரில் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனான். செயலிக் கார் ஓட்டுகிறவன்.

"மாமா, அரசிதழ்ல வந்த உங்க சட்டத்தைப் படிச்சேன்."

"நீ படிப்பேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் பெரிய எழுத்துல போட்டிருப்பேனே மாப்ள."

"அது இருக்கட்டும். நாங்க யாரைக் கடத்தி வச்சிருக்கோம்?"

"என்ன உளர்ற?"

சிக்னலில் வண்டியை நிறுத்தி, செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். நான்காம் பிரிவு: 'செயலிவழி வாகனத்தின் ஒவ்வொரு பணயத்துக்கும் ஒரு ரூபாய் வீதம்...'

"உங்களை வீட்டுல கொண்டுபோய் விட்டா அது பயணம். அக்கா கேட்டதை நீங்க வாங்கித் தர்ற வரைக்கும் கார்லயே பூட்டி வச்சா, அது பணயம். கம்பெனி வக்கீல் கண்ணுல பட்டா, 'நாங்க ஆளைக் கடத்துறதில்லைங்க'ன்னு கையை விரிச்சிடுவான். ஒரு ரூபா பேராது."

பூதக்கண்ணாடி எழுத்தெழுத்தாக வாசித்தார். பின்னாலிருந்து முன்னாலும் வாசித்தார். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அலறியது.

"டைப்பிஸ்ட் மாத்தி அடிச்சிருப்பா" என்றார்.

"இருக்கும் இருக்கும்" என்றான் மைத்துனன், சிரிப்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு.

வீட்டில் மனைவி நாலு பெயின்ட் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். "வேலிக்கு இந்தப் பச்சை போதுமா? பறவைங்க மிரளாதுல்ல?" அவர் பச்சையைப் பார்த்தார். அவர் முகமும் ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை அலுவலக அலமாரியிலிருந்து வரைவுக் கோப்பை உருவினார். நான்காம் பிரிவில் 'சவாரி' அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில், முத்து முத்தான தன் கையெழுத்தில் 'பணயம்'.

மனித மூளைக்கு அடுத்த அரைமணி நேரத்தில் எவ்வளவு வேலை கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுத்தார். 'இச்சட்டத்தில் பணயம் என்பது பயணத்தையும் குறிக்கும்' என்று ஒரு விளக்கம் சேர்க்கலாமா? மைத்துனன் வண்டி ஓட்டும் லட்சணத்துக்கு இரண்டும் ஒன்றுதானே? விட்டுவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

போன் அடித்தது. மனைவி. "விடிஞ்சதும் ரெண்டு லோடு கொட்டிட்டுப் போயிட்டானுங்க. இருக்கட்டும், திங்கக்கிழமை வரட்டும், வச்சுக்கறேன்."

திங்களுக்கு முன் வெளிவரும் கடைசி அரசிதழ் அன்று மாலை அச்சேறுகிறது. பூதக்கண்ணாடி ஒரு தாளை எடுத்தார். 'நான்காம் பிரிவில் "பணயத்துக்கும்" என்றிருப்பதைப் "பயணத்துக்கும்" எனத் திருத்தி வாசிக்கவும்' என்று எழுதினார். அதன் கீழே, தன் சொந்த விதிப்படி, தன் முழுப் பெயரை எழுதினார். தலைப்பெழுத்துக்கும் புள்ளி வைத்தார்.

டைப்பிஸ்ட் தாளை வாங்கிப் படித்தாள். "இதை அடிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துச்சு சார்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"உங்க கண் பார்த்த தாளை..." என்று ஆரம்பித்தவள், தேநீர் டம்ளரைப் பார்ப்பதுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மூன்று முறை வாசித்தார். பேனாவை மூடினார். தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் ஒரு வாட்டி பாத்துடும்மா."