ஆடும் பச்சை விளக்குகள்

பழைய டேப் செட்டில் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சை விளக்குகளைக் கணினித் திரையில் கொண்டுவர ஒரு புரோகிராம் எழுதினேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாடா, பாட்டே கேக்கல, லைட்டு மட்டும் ஆடிகினு கீது?"

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் வீட்டு செட்டிலும் இதே விளக்குகள்தான். தகடு அடிக்கும் பட்டறையிலிருந்து வரும் நைனா, கிரீஸ் வாடையோடு அதன் எதிரில் உட்கார்ந்து, கடைசி சிவப்பு விளக்கு எரியும் வரை சத்தத்தை ஏற்றுவார். ஜன்னல் கம்பியே அதிரும்.

"தெருவே பேஜாராவுது, கொறச்சுத் தொலையேன்யா!" என்று அம்மா கத்துவாள். அவர் திரும்பவே மாட்டார். அம்மாவே வந்து குமிழைத் திருகுவாள். விளக்குகள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"பாட்டு முட்ஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு நைனா எழுந்து போவார். குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தோம். எங்கள் வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம், வேறெதுவும் தோன்றவில்லை.

நைனா இறந்து பல வருடங்களாகிவிட்டன. சத்தமில்லாமல் ஆடும் திரையை அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க நைனாவுக்கு அப்பவே காது போயிருக்குடா. லைட்ட வெச்சுதான் பாட்டு கேட்டுகினு இருந்துகீறாரு."

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏத்திவைடா. செவப்பு வரிக்கும் போவட்டும்."