மூன்று கேமராவில் ஓர் அப்பா

அம்மா போன பிறகு அப்பா திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். கூப்பிட்டால் வரமாட்டார். தோட்டங்காட்டுக்குள் ஒற்றை வீடு, எங்களுக்குப் பயம். பிள்ளைகள் மூவரும் பேசி மூன்று கேமரா மாட்டினோம். அடுப்படி கோயமுத்தூர் அக்காவுக்கு, வாசல் பெங்களூர் அண்ணனுக்கு, கேட் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எனக்கு. என்ன சாமர்த்தியம் பாருங்கள், பெற்ற தகப்பனைப் பாகம் பிரித்துக்கொண்டோம்.

கேட்டை ஒட்டி ரோடு. லாரிச் சத்தம் ஆபீசில் என் போனில் அலறியது. இரண்டாம் நாளே அந்தக் கேமராவின் சத்தத்தை, பதிவிலும் வராதபடி, அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் அப்பா கேட் பக்கம் வந்து நிற்பார். பால் வண்டிக்கு நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். 'அப்பா நல்லாருக்கறாரு' என்று குடும்பக் குரூப்பில் போடுவேன். அண்ணன் கட்டைவிரல் போடுவார், அக்கா கும்பிடு போடுவாள். கடமை முடிந்தது. ஒருநாள் கேமராவைப் பார்த்து வலது கையைத் தூக்கி விரித்துக் காட்டினார். 'அப்பா டாட்டா காட்டறாரு' என்று அதையும் படமாக்கிக் குரூப்பில் போட்டேன். எல்லோரும் சிரித்தோம்.

அதற்கு நான்காம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். அப்பா கேட் ஓரம் விழுந்து கிடந்தாராம். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

சேலத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் மூவரும் தோளோடு தோள் உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்தே பல வருஷம் இருக்கும். மூன்று போனையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். அக்காவின் போனில், நாலு நாளாக அடுப்பு எரியவில்லை. இடது கையால் செம்பைச் சாய்த்து வெறும் தண்ணீர் குடிக்கிறார். அண்ணனின் போனில், தினமும் சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு வாசலில் இறங்குகிறார்.

"விசேஷ ஊட்டுக்குப் போறாருன்னு நெனச்சேன்," என்றார் அண்ணன்.

"வெளிய எங்கயோ சாப்புட்டுக்கறாருன்னு நானும் உட்டுட்டேன்," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்ககிட்டப் பேசத்தானுங்க நல்ல சட்டை போட்டுக்கிட்டு கேட்டுக்குப் போவாரு. கேமரா மாட்டுனவரு கேட்டுல நின்னு, இங்க பேசுனா அங்க கேக்கும்னு சொன்னாராமுங்க. கை மரத்துப் போவுதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னேன். பசங்ககிட்டச் சொல்லிட்டேன், வந்துருவாங்கன்னுட்டாருங்க."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் சத்தத்தை அணைத்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் இருந்தது ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், நாங்கள் அந்தப் பதிவுகளை ஓட்டி ஓட்டி அவர் உதடுகளைப் பார்த்தோம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மறுநாள் வார்டில் அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். கண் விழித்தார். இடது கையால் ஆஸ்பத்திரிச் சட்டையை மெல்ல இழுத்துச் சரி செய்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரை மூலையில் இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் இங்க பக்கத்துலதானுங்க இருக்கறேன்," என்று கன்னத்தைத் தொட்டு என் பக்கம் திருப்பினேன்.

ஒரு நொடி பார்த்தார். பிறகு முகத்தை மூலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.